சர்டிஃபிகேட் வாங்குனவங்கள விடுங்க, பக்கத்து மிஷின்ல இருக்கறவங்கள கேளுங்க

(திருப்பூர்ல பனியன் கம்பெனி முதலாளிங்களும் ஹெச்.ஆர். பாக்கறவங்களும் கூடுன கூட்டத்துல பேசுனது. எழுத்துல வேணும்னு கேட்டாங்க, பேசுன மாதிரியே போட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஷிப்மென்ட் நேரத்துல பொழுதோட இவ்வளவு பேரு வந்து உக்காந்திருக்கீங்க, அதுக்கே நான் நன்றி சொல்லோணும்.

நான் வெல்ஃபேர் ஆஃபீசரா இருந்த ஒரு கம்பெனில நடந்ததுல இருந்து ஆரம்பிக்கறேன். மனநல முதலுதவி ட்ரெய்னிங்னு ரெண்டு நாளு, லைன் சூப்பர்வைசருங்களுக்கு நடத்துனோம். நல்ல சாப்பாடு, நல்ல ட்ரெய்னர், கடைசில ஃபீட்பேக் ஃபாரம் குடுத்தா எல்லாரும் 'மிக நன்று'ன்னு டிக் அடிச்சாங்க, குரூப் ஃபோட்டோ எடுத்தோம், சரக்கு வாங்கற பையர் ஆடிட்டுக்கு வர்றப்ப காட்டறதுக்கு ஃபைல்ல வெச்சோம். நாலு மாசம் கழிச்சு ஃப்ளாட்லாக் மிஷின்ல இருந்த ஒடிசா பையன் ஒருத்தன் சாப்பாட்ட கொறச்சான், யாருகிட்டயும் பேசறதில்ல, அப்புறம் மூணு நாளா ரூம விட்டே வெளிய வரல. அந்த லைன் சூப்பர்வைசரு, ட்ரெய்னிங் டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்குனவரு, மூணு நாளும் ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டாரு, அவ்வளவுதான். நாலாவது நாள் பையன் ஊருக்கு ரயிலேறிட்டான், பாக்கி சம்பளம் கூட கேக்கல. ஏனுங்கண்ணா, உங்களுக்கு தெரியலியான்னு சூப்பர்வைசர கேட்டேன். அவரு சொன்னது இன்னிக்கும் காதுல இருக்குதுங்க: "தெரிஞ்சுதும்மா. வெள்ளிக்கெழம சரக்கு போகோணும், ஒன்றரை ஷிஃப்ட் ஓடுது, பத்து நிமிசம் லைன விட்டு நகந்தா என்னைய யாரு கேக்க மாட்டாங்க?"

அவரு கத்துக்கிட்டது பொய்யில்ல. பத்து நிமிசம்தான் அவருகிட்ட இல்ல. எங்க ஃபாரத்துல அந்தக் கேள்வியே கெடையாதுங்க.

இந்த முதலுதவி யோசனை 2000ல ஆஸ்திரேலியால பெட்டி கிச்சனர், அந்தோனி ஜோர்ம்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது. டாக்டர் வர்ற வரைக்கும் கைல கட்டு போட்டுவிடற மாதிரி, மனசு ஒடைஞ்சவங்க பக்கத்துல போயி, காது குடுத்து கேட்டு, சரியான எடத்துக்கு கூட்டிட்டுப் போறது. வைத்தியம் பாக்கறது இல்ல. சாகோணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேட்டா அந்த நெனப்ப நாமளே ஏத்திவிட்டுருவோம்ங்கற பயம் தப்புன்னும் சொல்லிக் குடுக்கறாங்க. நல்ல விசயம், நான் இதுக்கு எதிரி இல்லீங்க.

ஆனா பலன் இருக்குதான்னு தேடுனவங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க. பிரிட்டன்ல வேலையிட பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்பு ஹெச்.எஸ்.இ. 2018ல இருக்கற ஆய்வையெல்லாம் ஒண்ணா வெச்சுப் பாத்துச்சு. ட்ரெய்னிங் எடுத்தவங்களுக்கு விழிப்புணர்வு கூடுது, அது உறுதி. கூட வேலை செய்யறவங்களுக்கு உதவற தெறமை ரொம்ப நாளு நிக்குதுங்கறதுக்கு ஆதாரம் கொஞ்சம்தான். கம்பெனி மனநலத்த கையாளற விதம் இதனால மேம்பட்டுச்சுங்கறதுக்கு ஆதாரமே கெடைக்கல. மருத்துவ ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்பு 2023ல ஒரு ஆய்வு போட்டுச்சு, 21 ஆராய்ச்சி, 22,604 பேரு, அதுலயும் மக்களோட மனநலம் மேம்படுதான்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னுதான் வந்துச்சு. பத்தலைன்னா பலனில்லைன்னு அர்த்தமில்லீங்க, சரியா அளக்கலைன்னு அர்த்தம்.

ஒரு ட்ரெய்னிங்கோட பலன எப்பிடி அளக்கறதுன்னு டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1959லயே எழுதிட்டாரு, நாலு கேள்வி. பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, நடந்துக்கறது மாறுச்சா, கடைசில பலன் என்ன. நம்மூர்ல மொதக் கேள்வியோட மூட்டைய கட்டிர்றோம்.

மூணாவது கேள்விய நான் ஒருக்கா கேட்டுப் பாத்தேன். ட்ரெய்னிங் எடுத்தவங்கள விட்டுட்டு, லைன்ல இருக்கற டெய்லரு, கைமடி, செக்கிங், அயர்ன்னு எல்லாத்தையும் கேட்டேன். பேரு எழுத வெச்சா யாரு உண்மைய சொல்லுவாங்க? படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க. நம்ம கம்பெனில பட்டனுக்கா பஞ்சம்? ஒரு துணிப்பைய மறைவா தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளை ஒரு கருப்பு பட்டன் குடுத்து, "ஒரு மாசத்துல நீங்க வாடிப்போயி இருந்தப்ப சூப்பர்வைசர் யாராச்சும் வந்து என்னாச்சுன்னு கேட்டாங்களா, கேட்டிருந்தா வெள்ளை, இல்லீன்னா கருப்பு, வாடவே இல்லைன்னா எதையும் போட வேண்டாம்"னு அவங்கவங்க பாஷைல சொல்ல வெச்சேன். சாயங்காலம் பைய கவுத்தா வெள்ளை பட்டன் ஒரு கை நெறையக்கூட இல்லீங்க. அந்த டேபிள் முன்னாடி நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

செக்கிங்ல இருக்கற ஒரு அம்மிணி அன்னிக்கு தனியா வந்து கேட்டுச்சு, "அக்கா, சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்களா?" இதுவும் அளக்க வேண்டிய சங்கதிதான். பயம் இருக்கற எடத்துல எத்தன பேருக்கு ட்ரெய்னிங் குடுத்தாலும் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

1948 ஃபாக்டரீஸ் ஆக்ட் 45வது பிரிவுல என்ன எழுதி வெச்சாங்கன்னு நெனச்சுப் பாருங்க. 150 ஆளுக்கு ஒரு முதலுதவி பெட்டியாவது இருக்கோணும், அதுக்கு பயிற்சி எடுத்த ஒரு ஆளு பொறுப்பா இருக்கோணும், அந்த ஆளு வேலை நேரம் பூரா கூப்பிட்டா வர்ற மாதிரி இருக்கோணும். வெரல்ல ஊசி ஏறுனா லைன விட்டு ஓடி வர்றதுக்கு சட்டமே எடம் குடுத்துச்சு. மனசுக்கு முதலுதவி பண்றவருக்கு நாம சர்டிஃபிகேட்டயும் குடுத்து, அதே டார்கெட்டயும் தலைல வெச்சோம். உலக சுகாதார நிறுவனம் 2022ல குடுத்த வழிகாட்டுதல்லயும் மேனேஜர்களுக்கு ட்ரெய்னிங் குடுங்கன்னு சொல்றதோட நிறுத்தல, வேலைச்சுமை, வேலை நேரம், இதையும் சரி பண்ணுங்கன்னு சொல்லுது.

அதனால நான் ஒண்ணு கேட்டுக்கறேன். ரெண்டு யூனிட் வெச்சிருக்கறவங்க, ஒரு யூனிட்டுக்கு இப்ப ட்ரெய்னிங் குடுங்க, இன்னொண்ணுக்கு ஆறு மாசம் கழிச்சு குடுங்க. ட்ரெய்னிங் எடுத்த சூப்பர்வைசருக்கு தினமும் அரை மணி நேரம் டார்கெட் கணக்குல இருந்து விட்டுக் குடுங்க. ரெண்டு யூனிட்லயும் மொதல்ல ஒருக்கா, மூணு மாசத்துல ஒருக்கா, ரெண்டாவது யூனிட்டுக்கு ட்ரெய்னிங் தொடங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பட்டன் போட வைங்க, எண்ணறப்ப மேனேஜருங்க பக்கத்துல இருக்க வேண்டாம். அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன் டெலி மானஸ், நம்பரு 14416, 20 பாஷைல பேசறாங்க, காசு கெடையாது, அத ரூம் செவுத்துல ஒட்டுங்க, யாரு கூப்பிட்டாங்கன்னு மட்டும் எக்காரணத்துக்கும் கேக்காதீங்க.

கேள்விய தமிழ், இந்தி, ஒடியா மூணுலயும் பேச்சா பதிவு பண்ணி ஃபோன்ல வெச்சிருக்கேன். சம்மதம் இருக்கறவங்க டீ குடிக்கறப்ப வாங்க, இன்னிக்கே அனுப்பி விடறேன்.