கிரியோல் பேசுவோருக்குத் தமிழ் பாட்காஸ்ட் செய்வது எப்படி?

[திரையில்: ரோஸ் ஹில் மெட்ரோ நிலையம்]

மொரீஷியஸில் தமிழ் வம்சாவளியினர் பலருக்கு வீட்டுப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான். காவடி எடுப்பார்கள், தேவாரம் சொல்வார்கள். "பஸ் எத்தனை மணிக்கு?" என்று தமிழில் கேட்க வாய் வராது. அவர்களுக்கான பாட்காஸ்ட் இது.

கேட்பவர் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி தலைநகர் போர்ட் லூயியில் இறங்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்கு 8 முதல் 10 நிமிடம், 5 புது வாக்கியங்கள் போதும். விளக்கம் கிரியோலில் இருக்கட்டும்.

[திரையில்: ஒரு வாக்கியத்தின் ஒலி அலை, நடுவே வெற்றிடம்]

முதலில் வாக்கியத்தை இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். அடுத்து கிரியோலில் பொருள். பிறகு சொல் சொல்லாகப் பிரித்துத் தமிழில். இப்போது இடைவெளி விடுங்கள், கேட்பவர் திருப்பிச் சொல்ல. 2 நொடி வாக்கியத்துக்கு 3 நொடியாவது வேண்டும். முடிவில் வாக்கியம் மீண்டும் ஒருமுறை, தான் சொன்னது சரியா என்று அவர் ஒப்பிட்டுக்கொள்வதற்கு. இந்த இடைவெளியை அவசரப்பட்டுக் குறைத்துவிடாதீர்கள். பாடம் நடப்பதே அங்கேதான்.

மெதுவாகப் பேசுகிறோம் என்று உயிரெழுத்தை இழுத்தால் "படி" "பாடி" ஆகிவிடும். குறில் நெடிலுக்குப் பழகாத காது அதையே பிடித்துக்கொள்ளும். சொல்லை இழுக்காமல், சொற்களுக்கு நடுவே நிறுத்துங்கள். ழகரத்தை முதல் சில வாரங்களில் திருத்தவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூச்சம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

[திரையில்: படுக்கையறை, திறந்த அலமாரி, மைக்]

1960இல் கரோல் புயல் அடித்த பிறகு இங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலுக்குத் தாங்கும், ஆனால் எதிரொலிக்கும். "பட்டம்" என்பதில் இரட்டை டகரத்துக்கு முன் ஒரு நொடிப்பொழுது ஒலி நிற்கிறது. அந்த இடத்தை எதிரொலி நிரப்பினால் "படம்", "பட்டம்" இரண்டும் குழம்பும். மெத்தையும் துணிகளும் உள்ள அறையில் பதிவுசெய்யுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில். ஒலியின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும்.

[திரையில்: எடிட்டிங் மென்பொருள்]

இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட், மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். முன்னது சொல்லின் முதல் மெய்யை விழுங்கும், பின்னது நீங்கள் விட்ட இடைவெளியை. கோப்பைச் சேமிக்கும்போது மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டியவை: மோனோ (ஒற்றைத் தடம்) எம்பி3, 44.1 கிலோஹெர்ட்ஸ், 96 கேபிபிஎஸ், சராசரி ஒலி அளவு மைனஸ் 19 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு, LUFS).

கேட்பவரின் செயலியிலும் மௌனத்தைச் சுருக்கும் அமைப்பு இருக்கலாம். அதனால் இடைவெளியை வெறுமையாக விடாமல், மெல்லிய தம்புரா ஒலியால் நிரப்புங்கள். வெட்டுவதற்கு மௌனம் இருக்காது, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்ற சைகையாகவும் அது அமையும்.

வெளியிடும் முன், தமிழ் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எந்த வாக்கியத்தை அவர் பாதியில் விடுகிறாரோ, அதை இரண்டாக உடைத்து, இடைவெளியை ஒரு நொடி கூட்டி மறுபடி பதிவுசெய்யுங்கள்.