மாரி விட்ட பிறகு: மட்டக்களப்பு மணல் வளவில் வீட்டுத்தோட்டமும் புற்றரையும்

(காட்சி: கல்லடியில் ஒரு வீட்டு வளவு. காலை நேரம். ஈர மணலில் மாவிலைகள் ஒட்டிக் கிடக்கின்றன.)

வணக்கம். மாரி மழை விட்டு ஒரு கிழமை ஆகிவிட்டது. கிணறு நிரம்பி நிற்கிறது. வளவு முழுக்கப் புல்லும் பூண்டும். குளிர் நாட்டில் இருக்கிற நம் சொந்தக்காரர் பனி உருகியதும் தோட்டத்தைக் கொத்திப் படம் எடுத்து அனுப்புவார்கள். நமக்கு அந்தக் காலம் இதுதான். தை கடைசியில் தொடங்கிப் பங்குனியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது சித்திரை வெயில். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். அது தாண்டினால் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கி, இருக்கிற பசுமையையும் உறிஞ்சிவிடும். ஆகவே இந்த இரண்டு மாதத்தில் நமக்கு ஒரே வேலைதான்: இப்போது மண்ணில் இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைப்பது.

(காட்சி: ஒரு வாளி தண்ணீரை மணலில் ஊற்றுகிறோம். உடனே வற்றுகிறது.)

எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற வளவுகள் பெரும்பாலும் மணல். பாருங்கள், ஒரு வாளி தண்ணீர் எங்கே போனது? தண்ணீர் போகும்போது பசளையையும் கூட்டிக்கொண்டு போகிறது. நம் ஆண்டு மழையில் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அவ்வளவும் இந்த மணலுக்குள்ளால் இறங்கியதில் நைதரசனும் பொட்டாசியமும் கழுவுப்பட்டுப் போயிருக்கும். செவ்வரத்தை இலை இப்போது மஞ்சளாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், நோய் அல்ல.

ஒரு கார்த்திகையில் நான் யூரியா வாங்கிப் போட்டேன். அடுத்த நாளே அடைமழை. காசு போனதைவிட, அது கிணற்று நீருக்குள்தானே இறங்கியிருக்கும் என்று பிறகு விளங்கியபோதுதான் மனம் கஷ்டப்பட்டது. பசளை எதுவானாலும் மழை நின்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

சரி, மணல் எப்படித் தண்ணீரைப் பிடிக்கும்? அதற்கு மக்கிய பொருள் வேண்டும். அது பஞ்சுபோல நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். நல்லவேளையாக, இதே நேரத்தில்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெரும்போக நெல் அறுவடை நடக்கிறது. வைக்கோல், உமி எல்லாம் கிடைக்கும். வயலில் வைக்கோலைக் குவித்துக் கொளுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அதில் இருக்கிற பொட்டாசியம் நம் வளவு மண்ணுக்குத் தேவையான சத்து. அதேபோல முற்றத்தைக் கூட்டி இலைகுழையைக் கொளுத்துகிற பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மூலையில் குவித்து, மாட்டெருவும் கிளிறிசிடியாக் குழையும் அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே தண்ணீர் தெளித்துப் புரட்டி வந்தால் மூன்று மாதமளவில் கூட்டெரு ஆகிவிடும்.

(காட்சி: முழங்கால் ஆழக் குழி. அடியில் பொச்சுமட்டைகள், அதாவது தேங்காய் உரித்த மட்டைகள்.)

இனிப் பாத்தி. வெளிநாட்டு வீடியோக்களில் பாத்தியை உயர்த்திக் கட்டுகிறார்கள். மாரியில் நமக்கும் அதுதான் சரி. ஆனால் கோடைக்கு மணலில் உயர்ந்த பாத்தி போட்டால் நாலு பக்கமும் காய்ந்துபோகும். பாத்தியைத் தரைமட்டத்தில் இருந்து நான்கு விரல் தாழ்த்துங்கள். அதற்கு முன் முழங்கால் ஆழம் வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். ஒவ்வொன்றும் சிறு கிண்ணம்போல நீரைத் தாங்கும். தென்னைக்கு நெடுங்காலமாகச் செய்கிற வேலைதான் இது, வீட்டுத்தோட்டத்துக்கும் அப்படியே உதவும். மட்டைக்கு மேல் மக்கிய மாட்டெருவும் மண்ணும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், அது வேரைச் சுட்டுவிடும்.

படுவான்கரையில் களிமண் வளவு உள்ளவர்கள் இப்படிச் செய்யத் தேவையில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மண் சேறாக இருக்கும்போது கொத்தாதீர்கள். ஒரு பிடி அள்ளி உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று எடுக்க ஏறக்குறைய நான்கு வாரம் வேண்டும், அதனால் நாற்றுமேடையை இன்றைக்கே போடுங்கள். வெண்டியும் பயிற்றையும் நேரடியாக ஊன்றலாம். மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் சித்திரைக்குப் புதுக் கிளையில் மொட்டு வரும். செவ்வரத்தையில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். வெள்ளை மாப்பூச்சி பிடித்த நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மாமரம் பூத்து நிற்கும், அதன் அடியைக் கொத்தாதீர்கள், கிளையும் வெட்டாதீர்கள்.

(காட்சி: வீட்டின் முன் சிறிய புற்றரை. நடுவில் கோரை.)

புற்றரை வைத்திருப்பவர்களுக்கு இப்போது பெரிய தலையிடி கோரைதான். மேலே பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே இருந்து திரும்ப முளைக்கும். மணல் ஈரமாக இருக்கிற இந்த நாட்களில் சிறு கம்பியால் கிளறினால் கிழங்கோடு வந்துவிடும். காய்ந்த பிறகு முடியாது. பொறுமையான வேலைதான், காலையில் அரை மணித்தியாலமாகச் செய்யுங்கள். வெற்றிடம் விழுந்த இடத்தில், மர நிழல் என்றால் மலேசியப் புல் நன்றாகப் பிடிக்கும். முழு வெயில் என்றால் அறுகு. மேலே சலித்த கூட்டெருவும் மணலும் கலந்து மெல்லியதாகத் தூவி, தும்புத்தடியால் தட்டிவிடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். இரண்டு அங்குலம் விட்டால்தான் அந்த நிழலில் வேர் பிழைக்கும்.

செடிகளுக்கு இடையில் வைக்கோலை மூன்று அங்குலம் பரப்புங்கள். அதில் ஒட்டியிருக்கும் நெல் முளைக்காமல் இருக்க, முதலில் வெளியே போட்டுச் சில நாள் நனைத்து, முளைத்ததும் புரட்டிக் காயவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள். தண்டோடும் வீட்டுச் சுவரோடும் ஒட்டாமல் போடுங்கள், கறையான் ஏறும்.

வளவைச் சுற்றி வரும்போது சிரட்டை, உடைந்த சட்டி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு முட்டையில் இருந்து பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை முதல் நாள் வேலையாக வையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். நம் மணலுக்குக் கீழே நல்ல நீர், உவர் நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. மோட்டரை நீண்ட நேரம் ஓடவிட்டால் அடியில் இருக்கிற உவர் மேலே ஏறும். செடியின் இலை நுனி கருகத் தொடங்கும். அதனால் குறைவாக, காலையிலும் மாலையிலும், அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

(காட்சி: வைக்கோலை விலக்கி மண்ணுக்குள் விரல் இறங்குகிறது.)

ஊற்றுவதற்கு முன் வைக்கோலை விலக்கி, விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்றைக்கு வாளியைத் தூக்க வேண்டாம்.