மேசையில் ஒன்று, மடியில் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். வீட்டில் மேசைக்கணினி, வெளியூர் போனால் லேப்டாப். இரண்டுக்கும் நடுவில் பல வருடம் தூது போனது ஒரு பென் டிரைவ். ஒருநாள் அது காலை வாரிவிட்டது. இல்லை, வாரிக்கொண்டது நான்தான். ரயிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் பன்னிரண்டு பக்கம் திருத்தியிருந்தேன். வீடு திரும்பிய களைப்பில், பென் டிரைவில் கிடந்த பழைய பிரதியை அதன் மேலேயே போட்டுவிட்டேன். ‘அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதே, மாற்றிவிடவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. கை பழக்கத்தில் ‘சரி’யைத் தட்டிவிட்டது.

அதற்கு அப்புறம்தான் சிங்க்திங் பக்கம் வந்தேன். 2013 கடைசியில் வெளிவந்த இலவச மென்பொருள். கோப்புகளை எந்த நிறுவனத்தின் சர்வரிலும் சேமித்து வைக்காது. வீட்டு வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்ளும். எந்த ஃபோல்டர் என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதை இரண்டிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திருத்தி முடித்த கையோடு லேப்டாப்பை மூடிவிட்டு, மேசைக்கணினியில் புதுசைத் தேடினால் கிடைக்காது.

இதில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. ஒரு கோப்பு மேசைக்கணினியில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. இங்கே புதிதாக உருவானதா, அங்கே அழிக்கப்பட்டதா? இரண்டையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. போன தடவை என்ன இருந்தது என்ற கணக்கு கையில் வேண்டும். சிங்க்திங் அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்கிறது. பென் டிரைவுக்கு அது தெரியாது. எனக்கும் ஞாபகம் இருந்ததில்லை.

கோப்பு முழுவதையும் ஒவ்வொரு தடவையும் அனுப்புவதும் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். மாறியதை மட்டும் அனுப்பும் வித்தையை 1996-லேயே ஆர்சிங்க் என்ற நிரலில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராசும் செய்துகாட்டிவிட்டார்கள்.

சரி, இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரே கோப்பை இரண்டு பக்கமும் திருத்திவிட்டால்? எது சரி என்று சிங்க்திங் தீர்ப்புச் சொல்லாது. கடைசியாகத் திருத்தியது பழைய பெயரிலேயே இருக்கும். மற்றது, பெயரில் ‘சிங்க் கான்ஃப்லிக்ட்’ என்ற சொல்லும் தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். இரண்டையும் அருகருகே திறந்துவைத்து வரிவரியாகச் சேர்ப்பது நம் பாடு. அலுப்புதான். காணாமல்போன பன்னிரண்டு பக்கத்தைத் திரும்ப எழுதுவதைவிட மேல்.

இன்னொன்று. லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்குள் எதையாவது அழித்தால், மேசைக்கணினியிலும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதனுடைய வேலையே அதுதானே! பழைய பிரதிகளைத் தனியாக ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. நாமாகப் போய் இயக்கினால்தான் உண்டு. இயக்கிய பக்கத்திலும், மற்ற கம்ப்யூட்டரிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஒரு பிரதி எடுக்கிறேன். எடுத்து முடித்ததும் வயரைக் கழற்றி, துணி அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். வணக்கம்.