மறுபடியும் பயமுறுத்த முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம். புகழ்பெற்ற பழைய திகில் படங்களை இன்றைய பார்வையாளர்களுக்காக மீண்டும் எடுக்கலாமா என்பது குறித்துப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். எந்தப் படத்தை எடுப்பது என்பதில்தான் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு.

1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார். காரணம் இருந்தது. கதாநாயகி என்று நாம் நம்பி, திருடிய பணத்துடன் பிடிபடாமல் போய்விடுவாளா என்று நெஞ்சு பதைக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், படம் பாதியை எட்டும் முன்பே குளியலறையில் கொல்லப்படுகிறாள். இனி யாரைப் பற்றிக்கொண்டு கதையைத் தொடர்வது என்று தெரியாமல் தவிக்கும் அந்த நிமிடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. வானொலியில் காட்சியைக் காட்ட இயலாது. ஆயினும் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த வயலின்களின் கிறீச்சொலியைப் படம் பார்க்காதவர்கள்கூட எங்கேனும் கேட்டிருப்பார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர்களுக்கு இது ஆறுதலான செய்தியாக இருக்கலாம்.

1998இல் கஸ் வான் சான்ட் இதே படத்தை ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, வண்ணத்தில் எடுத்தார். அதே இசை, பெரும்பாலும் அதே வசனங்கள். குறை சொல்ல முடியாத உழைப்புதான். ஆனால் 38 ஆண்டுகளுக்குள் அந்தக் கொலை ஊரறிந்த சேதியாகிவிட்டது. கத்தி ஓங்கப்படுவதற்கு முன்பே நாம் அதற்காகக் காத்திருக்கிறோம். காத்திருப்பவனைத் திடுக்கிட வைக்க முடியாது.

ஜான் கார்ப்பென்டர் 1982இல் எடுத்த 'த திங்' வேறு வகை. ஜான் கேம்ப்பெல் 1938இல் எழுதிய மூலக்கதையில், வேற்றுக்கிரகத்து உயிர் ஒன்று தான் அழிக்கும் உயிரின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். 1951இல் அக்கதை முதன்முறை படமானபோது இந்தக் கருவையே கைவிட்டு, ஒப்பனை போட்ட நெடிய நடிகர் ஒருவரைத் தாவர இனத்து அரக்கனாக உலவவிட்டார்கள். விட்டுப்போன அந்தக் கருவைத்தான் கார்ப்பென்டர் எடுத்துக்கொண்டார். அண்டார்க்டிகா முகாமில் மாட்டிக்கொண்ட மனிதர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சிறு தட்டில் பிடித்து, சூடேற்றிய கம்பியை அதில் ஒருவர் அழுத்துகிறார். சுர்ரென்று சத்தம் வந்தால் அவன் மனிதன். ஒரு தட்டு, அடுத்த தட்டு என்று நமக்கே சலிப்புத் தட்டத் தொடங்கும் நேரத்தில், நாம் சந்தேகிக்காத ஒருவரின் இரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. முந்தைய படத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கும் இது புதிய பயம். வெளியான காலத்தில் விமர்சகர்கள் பலர் இப்படத்தைத் திட்டித் தீர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டேவிட் க்ரோனென்பெர்க்கின் 'த ஃபிளை'யும் இப்படித்தான். 1958 படத்தில் மனிதனுக்கு ஈயின் தலை ஒரேயடியாக வந்துவிடுகிறது. க்ரோனென்பெர்க் 1986இல் எடுத்தபோது, மெல்ல மெல்ல ஈயாக மாறும் அவன் கண்ணாடி முன் நின்று, தன் விரல் நகம் கழன்று வருவதைப் பார்க்கிறான். ஒரு வேடிக்கை தீராத நோயாக மாறிவிட்டது.

ஆகவே, கரு பெரிதாக இருந்தும் செய்நேர்த்தி எட்டாமற்போன படங்களை எடுங்கள், முழுமை பெற்றவற்றை விட்டுவிடுங்கள் என்பேன். தயாரிப்பாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர் விற்கும் என்பதால் முழுமை பெற்ற படத்தையே தேடிப்போகிறார்கள்.

என் விதிக்கு விலக்கும் உண்டு. ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் இரத்தக் காட்டேரிப் படமான 'நோஸ்ஃபெராட்டு' 1922இலேயே முழுமையான படம். மாடிப்படியில் ஏறும் அந்த நிழலுக்கு மேல் யார் எதைச் சேர்க்க முடியும்? வெர்னர் ஹெர்ஸாக் 1979இல் சேர்த்தார். அவருடைய இரத்தக் காட்டேரி சாக முடியாமல் களைத்துப்போனவன்; அவனைக் கண்டு அஞ்சும்போதே நமக்கு இரக்கமும் வந்துவிடுகிறது. முர்னாவின் படமே 'டிராகுலா' நாவலிலிருந்து உரிமை பெறாமல் எடுக்கப்பட்டு, பிரதிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்ட படம் என்பதால், மறு ஆக்கத்தைக் கண்டு முகம் சுளிக்க அதற்கு உரிமையில்லை.

'சைக்கோ'வை இதுவரை பார்க்காமலும் அதன் கதையைக் கேளாமலும் இருந்த நேயர் யாரேனும் இப்போது வானொலியருகே இருந்திருந்தால், அந்தக் குளியலறையை நான் முன்கூட்டியே திறந்து காட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். படத்தின் முடிவை மட்டும் சொல்லவில்லை.