தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காகப் பேசுகிறேன். பிள்ளைகளும் கேட்டால் நல்லது. பேட்டரி, ரேடியோ எல்லாம் வாங்கித் தரப் போவது அவர்கள்தானே.

புயல் மழையில் கரண்ட் போனதும் செல்போன் உடனே அடங்கிவிடாது. டவரிலும் பேட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வராவிட்டால் டவரும் படுத்துவிடும். அதனால் பேச வேண்டியதை முதல் ஒரு மணி நேரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். சிக்னல் ஒரு கோடுதான் இருக்கிறதென்றால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சில நொடி சிக்னல் கிடைத்தாலே அது போய்விடும். டவர் அடியோடு போய்விட்டால், போன் அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

10,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளும் அளவு) பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை ஏற்றும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒன்றரை தடவை ஏற்றினால் அதிகம். வோல்டேஜ் மாறும்போது சூடாகவே கொஞ்சம் போய்விடுகிறது.

இனி ரேடியோ. எஃப்எம் எட்டாத தோட்டத்துக்கும் மீடியம் வேவ் (ரேடியோவில் MW என்று போட்டிருக்கும்) எட்டும். ஆகாசவாணி நிலையங்களில் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், கோவை 999, திருநெல்வேலி 1197. குச்சி ஏரியலை எவ்வளவு நீட்டினாலும் மீடியம் வேவுக்குப் பயனில்லை, அது எஃப்எம்முக்கு. மீடியம் வேவை வாங்குவது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெர்ரைட் என்ற காந்தப்பொருள் கம்பி. அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி மங்கும், குறுக்காக இருந்தால் தெளியும். ஆகவே ரேடியோவை மேசையில் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு குறையாவிட்டால் பக்கத்தில் எல்இடி பல்பு, சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். ரேடியோவில் பழைய பேட்டரி செல்லோடு புதுச் செல்லைச் சேர்க்கவே கூடாது. பழையது ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

கருவிகளைவிட முக்கியம் ஒரு ஏற்பாடு. தினமும் காலை 7 மணிக்கு ஒருவருக்கு மிஸ்டு கால் கொடுங்கள். ஏழரை வரை வராவிட்டால் அவர் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேரில் வருவார். யார் வருவது என்று பேர் சொல்லி முடிவு செய்யாத ஏற்பாடு ஏட்டுச் சுரைக்காய்தான்.

108ஐக் கூப்பிட்டால் இடம் கேட்பார்கள். தோட்டத்தில் கதவு எண்ணை வைத்துக்கொண்டு யாரும் வர முடியாது. ஊராட்சி, தார்ச்சாலையில் எந்த இடத்தில் திரும்புவது, அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐயும் அதிலேயே எழுதுங்கள். மழையில் மண்பாதைக்குள் வண்டி வராது என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டியிருக்கும். மாற்றுச் சாவி பக்கத்துத் தோட்டத்தில் இருக்கட்டும். நாய் வளர்த்தால், சாவி வைத்திருப்பவரிடம் அதை இப்போதே பழக்கிவிடுங்கள்.