பக்கவாத ஸ்கேன்: வண்ணப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

நேயர்களுக்கு வணக்கம். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் குழறி, வலது கையைத் தூக்க முடியாமல் எழுகிறார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்போது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதாவது முந்தைய இரவு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். அதனால் தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு அந்த ஊசி பல ஆண்டுகள் கிடைக்காமலே போனது.

2018-இல் வெளியான ‘வேக்-அப்’ ஆய்வு இதற்கு எம்.ஆர்.ஐ.யில் ஒரு வழி காட்டியது. நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் ‘டிஃப்யூஷன்’ படத்தில், அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே பாதித்த இடம் வெள்ளையாகத் தெரியும். ‘ஃபிளேர்’ படத்தில் அது தெரியச் சில மணி நேரம் ஆகும். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால், பாதிப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்கு உட்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்து ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். போடாதவர்களில் அது 42 சதவீதம்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுப்பது சி.டி.தான். சாய மருந்து இல்லாத சாதா சி.டி. ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யும். ஆரம்ப மாற்றங்கள் மிக மங்கலானவை. திரையில் காட்டும் அடர்த்தி வரம்பை, அதாவது ஜன்னல் அகலத்தை 40, மையத்தை 40 என்று குறுக்கி வைத்துப் பார்த்தால்தான் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள எல்லை அழிந்திருப்பது கண்ணில் படும். 5 மில்லிமீட்டர் தடிமனான வெட்டுகளை மட்டும் பார்த்தால் குழாயில் வெள்ளைக் கோடாகக் கிடக்கும் ரத்தக்கட்டு தப்பிவிடும். மெல்லிய வெட்டுகளையும் திறந்து பார்க்க வேண்டும். நடு மூளைத் தமனி ஊட்டும் பரப்பைப் பத்து இடங்களாகப் பிரித்து, கெட்ட இடம் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கழிப்பதுதான் ‘ஆஸ்பெக்ட்ஸ்’ கணக்கு. முழுமையாக இருந்தால் 10.

அடுத்தது சாய மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம். பெருந்தமனி வளைவில் தொடங்கி உச்சந்தலை வரை எடுக்க வேண்டும். கழுத்தை விட்டுவிட்டால், ரத்தக்குழாய் வழியாகக் கம்பியைச் செலுத்தி ரத்தக்கட்டை உருவப் போகிற மருத்துவருக்குப் பாதை தெரியாது. வலது முழங்கை மடிப்பில் மருந்து செலுத்த 18 கேஜ் வென்ஃபுளான் (சிரையில் பொருத்தும் ஊசிக்குழாய்) போடுவது நல்லது. இடது கை என்றால் மார்பைக் கடக்கும் சிரையில் சாய மருந்து தேங்கிக் கழுத்துப் படத்தைக் கெடுக்கலாம். சிறுநீரக நோய் இல்லாதவருக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை) முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இனி பெர்ஃப்யூஷன். சாய மருந்து மூளைக்குள் வந்து வெளியேறுவதை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து படமெடுப்பது. மென்பொருள் அதை வண்ணப் படமாக்கித் தரும். ரத்த ஓட்டம் நல்ல பக்கத்தில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தை மென்பொருள் ‘இறந்தது’ என்கிறது. மருந்து வந்துசேர 6 விநாடிக்கு மேல் தாமதமாகும் இடம் ஆபத்தில் இருக்கிறது. ஆபத்தில் இருந்தும் இறக்காத பரப்பே நாம் காப்பாற்றக்கூடியது. ‘டான்’, ‘டெஃப்யூஸ் 3’ ஆகிய இரு ஆய்வுகள் இப்படிப்பட்ட படங்களை வைத்து, 6 மணி நேரம் கழிந்தவர்களுக்கும் கட்டை உருவலாம் என்று காட்டின. 24 மணி நேரம் வரை ஆளெடுத்த டானில், கட்டை உருவியவர்களில் 49 சதவீதம் பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். உருவாதவர்களில் 13 சதவீதம்.

இந்த வெற்றிக்குப் பிறகு வண்ணப் படத்தின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டது. இதயம் பலவீனமானவருக்கு மருந்து மெதுவாக வரும். வெளியேறும் முன்பே படமெடுப்பு நின்றால் கணக்கு பிசகும். ஆகவே வண்ணத்துக்கு முன்னால் தமனி, சிரை இரண்டிலும் மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோடுகளையும் பாருங்கள். இறங்கி அடிமட்டத்தைத் தொடாத கோடு என்றால் படத்தை நம்ப வேண்டாம். கழுத்துத் தமனியில் பழைய அடைப்பு இருந்தால் அந்தப் பக்க மூளை முழுவதும் தாமதமாகத் தெரிந்து, ஆபத்துப் பரப்பு பூதாகரமாகிவிடும். தலை அசைந்தாலும் கோளாறுதான். இன்னொன்று: சீக்கிரம் வந்தவரிடம் மென்பொருள் ‘இறந்தது’ என்று காட்டும் திசு, கட்டை எடுத்ததும் உயிரோடு இருப்பது உண்டு. ஓட்டம் குறைந்ததைத்தான் கருவி அளக்கிறது, மரணத்தை அல்ல.

இறந்த பரப்பு பெரிதாக இருந்தால் உருவிப் பயனில்லை என்ற எண்ணமும் ஆட்டம் கண்டுவிட்டது. 2022-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று ஆஸ்பெக்ட்ஸ் 3 முதல் 5 வரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டது. பிறர் துணையின்றி நடக்கும் அளவுக்குத் தேறியவர்கள் உருவிய பிரிவில் 31 சதவீதம், மற்றதில் சுமார் 13. இதற்கு ஒரு விலையும் இருந்தது: ஏதோ ஓரளவு மூளை ரத்தக்கசிவு 58 சதவீதம் பேரிடம் தெரிந்தது, உருவாதவர்களில் 31. அடுத்த ஆண்டு வந்த ‘செலக்ட் 2’விலும், சீனாவின் ‘ஏஞ்சல்-ஆஸ்பெக்ட்’டிலும் பலன் தெளிவாக இருந்ததால் முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ‘டென்ஷன்’ ஆய்வு பெரும்பாலும் சாதா சி.டி.யை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுத்தது.

பெர்ஃப்யூஷன் மென்பொருள் இல்லாத மருத்துவமனைகளுக்கு இது நேரடியான செய்தி. சாதா சி.டி.யும் ஆஞ்சியோகிராமும் எடுத்துப் பெரிய குழாய் அடைத்திருப்பது தெரிந்தால், வண்ணப் படத்துக்காக நோயாளியைக் காக்க வைக்காமல் கட்டை உருவும் மையத்துக்கு உடனே அனுப்பலாம். ஃபிலிமை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். எல்லா வெட்டுகளும் அடங்கிய டைகாம் கோப்புகளை (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்களை) ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே அனுப்பிவிடுங்கள்.