கோழி கூவாட்டி விடியாதா? - கேமுக்குள்ள ஓடுற மணிக்கூடும் விடியச்சாமத்து பஸ்ஸும்

(களுவாஞ்சிக்குடியில வாசகர் வட்டக் கூட்டத்தில கதைச்சது. கேட்ட பொடியனுகள் திரும்பக் கேட்டதால கதைச்ச மாதிரியே டைப் பண்ணிப் போடுறன், இலக்கணம் பாக்கிற ஆக்கள் மன்னிக்கணும்.)

தலைவர் அவர்களே, ரெண்டு கூட்டத்த விட்டிட்டு இஞ்ச வந்து முன்வரிசையில இருக்கிற தவிசாளர் ஐயா, ஓ.எல்.லுக்கு எனக்குக் கணக்குப் படிப்பிச்சு அதுல தோத்துப்போன அதிபர் சேர், தோத்தது சேர் இல்ல நான்தான், பிரதேச செயலகத்தில இருந்து வந்திருக்கிற தங்கச்சி, கோயில் வண்ணக்கர் ஐயா, பாய் விரிச்சு இருக்கிற தாய்மாரே, பின்னுக்கு நிண்டு போன் நோண்டுற பொடியன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். மைக் செட்டுக் காசு வாங்காமத் தந்த தம்பிக்கும் வணக்கம், அவர விட்டிட்டா இப்பவே வயரக் கழட்டிருவார்.

எனக்குத் தந்த தலைப்பு கம்பியூட்டர் கேமும் இளைஞர் சீரழிவும். நான் தலைவரிட்டச் சொல்லாமலே மாத்திப்போட்டன். போக்குவரத்து கேம் எண்டு ஒரு சாதி இருக்கு, ரயில் விடுறது, பஸ் விடுறது, லொறி ஓட்டுறது. அதுக்குள்ள நேரம் எப்பிடி ஓடுது, இரவு எப்பிடி வருது, அந்த இரவுக்கு ஆர் காசு குடுக்கிற, இந்த மூண்டையும் சொல்லுறன். எங்கட அம்மம்மா எதுக்கெடுத்தாலும் ஒண்டு சொல்லுவா, கோழி கூவாட்டி விடியாமப் போகுமா எண்டு. அத மனசில வச்சுக்கொள்ளுங்க, திரும்ப வருவன்.

என்ட அக்காட மகன் ஏ.எல். படிக்கிறான். படிக்கிறான் எண்டு அக்காதான் சொல்லுறா, நான் போற நேரமெல்லாம் ஓப்பன் டிடிடி எண்ட கேமத்தான் விளையாடிக்கொண்டு இருப்பான். 1994ல கிறிஸ் சோயர் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் செய்த ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன்தான் அதுக்குத் தாய், அதத் திரும்ப எழுதி 2004ல இருந்து சும்மா குடுக்கிறாங்க, பழைய கம்பியூட்டர்லயும் ஓடும். மருமகன் ஸ்டேசனுக்கெல்லாம் எங்கட ஊர்ப் பேர் வச்சிருக்கான், மட்டக்களப்பில வெளிக்கிட்டு காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் மட்டும் தண்டவாளம் போட்டு விட்டிருக்கான். பாத்த உடன எனக்குக் கண் கலங்கிட்டு, ஏனெண்டா 1928ல மட்டக்களப்புக்கு வந்த ரயில் அங்கால தெற்க ஒரு முழம் நகரல்ல, 2028 வந்தா நூறு வருசம், அம்பாறை மாவட்டத்தில தண்டவாளமே இல்ல. கம்பியூட்டர்லயாவது வந்துட்டே எண்டு பக்கத்தில கதிரையப் போட்டு இருந்திட்டன்.

இருந்து பாத்தா ஒரு கூத்து. ரயில் மட்டக்களப்பில வெளிக்கிடக்குள்ள மார்ச் மாசம், பொத்துவில்ல போய் நிக்கக்குள்ள ஜூன். என்னடா மனே, நடந்து போனாலே மூண்டு நாளைக்குள்ள போயிரலாமே எண்டன். அவன் சொன்னான், மாமா இதுல ஒரு நாளைக்கு 74 டிக், டிக் எண்டா கேமின்ட ஒரு துடிப்பு, ஒரு டிக் 27 மில்லிசெக்கன். சேர், பெருக்கிப் பாருங்க, நான் போன்ல பெருக்கினன், ரெண்டு செக்கன் வருது. ஒரு முழு நாள் ரெண்டு செக்கன், ஒரு வருசம் பன்ரெண்டு நிமிசம் சொச்சம். ரயில் மூண்டு நிமிசம் ஓடினா தொண்ணூறு நாள் முடிஞ்சுது.

ஏன் இப்பிடிச் செய்த எண்டா, அந்த கேம்ல நீராவி எஞ்சின்ல தொடங்கி டீசல், கரண்ட் எண்டு தலைமுறை தலைமுறையாப் போகணும். கலண்டர் ஓடுற ஓட்டத்துக்கு ரயிலும் ஓடினா அது கண்ணுக்கே தெரியாது, ரயில் ஓடுற ஓட்டத்துக்குக் கலண்டரும் ஓடினா முதல் நீராவி எஞ்சின மாத்த முதலே விளையாடுறவனுக்குத் தலை நரைச்சிரும். அதால ரெண்டு மணிக்கூட்ட ஒரு டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சிருக்காங்க. அதாலதான் அதுல இரவும் இல்ல, ரெண்டு செக்கன்ல ஒரு செக்கன் பகல் ஒரு செக்கன் இரா எண்டு வந்தா பழுதான டியூப் லைட்டுக்குக் கீழ இருக்கிற மாதிரித்தானே. மறுகா 2024ல வந்த 14ஆம் பதிப்பில ரெண்டு மணிக்கூட்டையும் பிரிச்சு விட்டாங்க, கணக்கு வழக்கு சுவர் மணிக்கூட்டுக்கு ஓடும், கலண்டர விரும்பின வேகத்துக்கு விடலாம், நிப்பாட்டியும் வைக்கலாம். முப்பது வருசம் எடுத்திருக்கு பாருங்க, ரெண்டு மணிக்கூடு இருக்கு எண்டு வெளிப்படையா ஒத்துக்கொள்ள.

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ல லொறி ஓட்டுற ஆக்களுக்குத் தெரியும், பெரிய ரோட்டில நீங்க ஒரு நிமிசம் ஓடினா உள்ளுக்க பத்தொம்பது நிமிசம் போகும். டவுணுக்குள்ள போன உடன மூண்டு நிமிசமாக் குறைஞ்சிரும், இல்லாட்டி ஒரு சிக்னல்ல நிண்டாலே அரை மணித்தியாலம் போயிருமே. நித்திரை கொள்ளாம ஓட்டினா ட்ரைவர் கொட்டாவி விடுவார், ஸ்கிரீன் இருண்டு இருண்டு வரும். நகரம் கட்டுற கேம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் ரெண்டாவதில, 2023ல வந்தது, ஒரு பகல் ஒரு இரவு போனா ஒரு மாசம். இண்டைக்குப் படுத்து நாளைக்கு எழும்பினா அடுத்த மாசம். சம்பளக்காரனுக்கு நல்லம், கரண்ட் பில் வாற வீட்டுக்குச் சரிவராது.

ஒரே ஊருக்குள்ள ரெண்டு நேரமா, இதெல்லாம் கேமுக்குத்தான் சரி எண்டு பின்னுக்கு ஆரோ சிரிக்கிறாங்க. தம்பி, நீங்க பிறக்க முதல் நாங்க அப்பிடித்தான் சீவிச்ச.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற எங்கட கரைக்கு எழுவான்கரை எண்டு பேர், பொழுது எழும்புற கரை. வாவிக்கு அங்கால படுவான்கரை, பொழுது படுற கரை. 1996 மே 25ஆம் திகதி கரண்ட் மிச்சம் பிடிக்கணும் எண்டு அரசாங்கம் நாட்டு மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. அங்கால புலிகள் இயக்கத்தின்ட இடம், அங்க தள்ளல்ல. எழுவான்கரையில பத்து மணி எண்டா படுவான்கரையில ஒம்பது. புது நேரம், பழைய நேரம். ரெண்டுக்கும் நடுவில குருமன்வெளித் துறையில ஒரு பாதை, அதான் எஞ்சின் பூட்டின மிதப்பு, ஒரு மணித்தியாலத்த அந்தத் தண்ணிக்குள்ளதான் தொலைக்கிற.

அந்த ஆவணியில எங்கட சித்தப்பாக்குக் கலியாணம். பொம்புள மண்டூர்ப் பக்கம். எங்கட வழமைப்படி மாப்பிள்ளைதானே பொம்புள வீட்டுக்குப் போகணும். கார்ட்டில சுபமுகூர்த்தம் காலை 10 மணி எண்டு கிடக்கு, எந்த நேரத்தில பத்து எண்டு இல்ல. பெரியப்பா ஒரு ஆள், எதையும் விட்டுக்குடுக்க மாட்டார், பிந்தினா மானம் போயிரும் எண்டு விடியச்சாமம் எல்லாரையும் எழுப்பி, பலகாரப் பெட்டி, வாழைக்குல, கூறைத்தட்டு எல்லாத்தோடயும் பாதையில ஏத்தி, புது நேரம் ஒம்பது மணிக்குப் படலையில கொண்டுபோய் நிப்பாட்டிட்டார். அங்க எட்டு மணி. பந்தலுக்குச் சீலை கட்டி முடியல்ல. பொம்புள கிணத்தடியில, தலை ஈரம். பொம்புளட தாய் ஒரு கையில கரண்டியோட வெளிய வந்து எங்களக் கண்டு அப்பிடியே திகைச்சுப்போய், வாங்க எண்டும் சொல்லல்ல, போங்க எண்டும் சொல்லல்ல. வேலியோரத்தில பட்டுச்சட்டையோட நாங்க முப்பது பேர், ஒரு பூனையும் நிக்குது. ஐயர் வந்தோண்ண பெரியப்பா அவரிட்டப் பாய்ஞ்சார், முகூர்த்தம் பிந்துது எண்டு. ஐயர் ஆறுதலாச் சொன்னார், தம்பி பஞ்சாங்கத்துக்குப் புது நேரம் பழைய நேரம் இல்ல, சூரியன் எழும்பின கணக்குத்தான். அம்மம்மா மூலையில இருந்து விட்டா பாருங்க, கோழி கூவாட்டி விடியாமப் போகுமா எண்டு. பந்தலே சிரிச்சிட்டு.

கதை முடியல்ல. தாலி கட்டி, சாப்பிட்டு, வெத்திலை போட்டு, அஞ்சரைக்குப் பாதையடிக்கு வாறம். எங்கட பெரியப்பா காலையில பட்ட அடியில மணிக்கூட்டப் பழைய நேரத்துக்கு மாத்தி வச்சிருக்கார், ஒருத்தருக்கும் சொல்லல்ல. இங்கால கரையில ஆறரை, துறை பூட்டியாச்சு. மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேரும் திரும்பிப் போய் பொம்புள வீட்டுத் திண்ணையில வரிசையாப் படுத்தம், சித்தப்பாக்கு முதலிரவு எங்களோட. அதுக்குப் பிறகு பெரியப்பா சாகும்வரைக்கும் ரெண்டு கையிலயும் ரெண்டு மணிக்கூடு கட்டினவர், வலக்கை புது நேரம், இடக்கை பழைய நேரம். அந்த வருசம் ஒக்டோபர்ல வித்தியாசத்த அரை மணித்தியாலமாக் குறைச்சாங்க, 2006 ஏப்ரல்ல நாடே பழைய நேரத்துக்கு வந்துட்டு, அவர் வலக்கையில கட்டினதக் கழட்டவே இல்ல.

சரி, இரவு. கனக்க கேம்ல இரவு எண்டா ஸ்கிரீன் நீலமாகும், வீட்டு ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம் வரும், அவ்வளவுதான். சிமுட்ரான்ஸ் எண்ட கேம்ல நல்ல வடிவா இருட்டும், ஆனா பஸ்ஸுக்கு அது தெரியாது, பகல் மாதிரியே ஓடும். எங்கட லைன்ல இரவு அப்பிடியா? கல்லோயாப் பக்கம் இரவில ரயில் மெதுவாத்தான் வரணும், யானை. 2025 பெப்ரவரியில மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில மோதித் தடம் புரண்டத எல்லாரும் பாத்தீங்க. இரவு எண்டா வேகம் மாறும், நேரசூசி மாறும், ஆக்கள்ட பயம் மாறும். இத ஓரளவுக்கு விளங்கிக்கொண்டது முதலாவது சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், 2015ல ஆஃப்டர் டார்க் எண்டு அதுக்கு ஒரு மேலதிகப் பகுதி வந்தது, அதுல ஒரு பஸ் லைன பகலுக்கு மட்டும், இரவுக்கு மட்டும், இல்ல ரெண்டுக்கும் எண்டு விடலாம், காசும் பகலுக்கு வேற இரவுக்கு வேற ஒதுக்கலாம். அந்த ஒரு பட்டனப் பாத்திட்டுத்தான் நான் இந்தக் கூட்டத்துக்கு வாறன் எண்டு ஒத்துக்கொண்ட, இப்ப சொல்லிட்டன்.

தவிசாளர் ஐயா கொஞ்சம் இஞ்சால திரும்பிக் கேக்கணும். போன மாசம் அம்மாட கண் ஒப்பரேசன் முடிச்சு இரவு மெயில்ல கொழும்பில இருந்து வாறன். ரயில் இருட்டோட மட்டக்களப்பில வந்து நிக்குது, அம்மாட கண்ணில கட்டு, கையில பேக். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா கல்முனை பஸ் அப்பத்தான் போனதாம், ரயில் சத்தம் கேக்குது எண்டு தெரிஞ்சும் போயிருக்கு. அடுத்தது எப்ப எண்டு கேட்டா அங்க நிண்டவர் வானத்தப் பாக்கிறார். நேரசூசி போர்ட் ஒண்டு இருக்கு, அதுல எழுத்து ஒண்டும் இல்ல, துருதான். ஓட்டோக்காரர் கேட்ட காசுக்கு அம்மாட மற்றக் கண்ணையும் வெட்டியிருக்கலாம். மருமகன்ட கேம்ல இதுக்கு ஒரு ஓடர் இருக்கு, ஏறுற சனம் நிரம்புமட்டும் நில் எண்டு, ஒரு க்ளிக். ரயில் வருமட்டும் ஒரு பஸ் நிண்டா என்ன? பிந்தினா பதினஞ்சு நிமிசம் கூட நிண்டா என்ன? கோழி கூவாட்டியும் விடியும்தான், ஆனா விடியுமட்டும் எங்கட அம்மா அந்த சீமெந்துக் கட்டில இருக்கணுமா?

கேக்கிறது ரெண்டு. இரவு மெயிலுக்கு நிக்கிற ஒரு பஸ், மட்டக்களப்பில இருந்து அக்கரைப்பற்றுக்கு. தமிழில வாசிக்கக்கூடிய நேரசூசி போர்ட் ஒவ்வொரு தரிப்பிடத்திலயும். தண்டவாளம் வாற நேரம் வரட்டும், அதுக்கு ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்காங்க, பஸ் நிக்கிறதுக்குத் தண்டவாளம் தேவையில்லையே.

மூண்டாவது, இரவுக்கு ஆர் காசு குடுக்கிற எண்டு சொல்ல வந்தன், தலைவர் மணி அடிச்சுப்போட்டார். இந்த மண்டபத்து மணிக்கூடு நாலு பத்தில நிண்டு கன நாள், அத வச்சு அடிச்சாரோ தெரியா. கையெழுத்துப் பேப்பர் வாசல் மேசையில கிடக்கு, பேர், ஊர், எந்த நேரத்துக்கு பஸ் வேணும் எண்டு மூண்டு கோடு இருக்கு, மூண்டையும் நிரப்புங்க. பேனை ஒண்டுதான் இருக்கு, தேத்தண்ணி குடிக்கப் போற அவசரத்தில பொக்கட்டுக்குள்ள வச்சுக்கொண்டு போயிராதீங்க.